புள்ளிப் பூனையும் பாதிக் கணக்கும்

கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' பற்றிப் படித்திருப்பீர்கள். ஒவ்வோர் அரை ஆயுட்காலம் கழியும்போதும் கதிரியக்க அணுக்கள் பாதியாகக் குறைகின்றன. திருவண்ணாமலையில் இப்பாடத்தை நடத்திவிட்டு வெளியே வந்தபோது, மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உடலெங்கும் சிறுத்தையைப் போலப் புள்ளிகள் கொண்ட பூனை! "சார், இது வங்காளப் பூனையாம். பாதி காட்டு விலங்கு என்கிறார்களே, வீட்டில் வளர்த்தால் கடிக்குமா?" என்று கேட்டார்.

விடை, சற்றுமுன் படித்த கணக்கிலேயே இருக்கிறது.

ஆசியக் காடுகளில் சிறுத்தைப் பூனை என்றொரு சிறு விலங்கு உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிறது. இதன் அறிவியல் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்ற சொல் வருகிறது. வங்காளப் பூனைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். அமெரிக்காவில் ஜீன் மில் என்ற அம்மையார் 1963ஆம் ஆண்டில் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையுடன் இணைத்துக் குட்டி பெற்றார். 1980க்குப் பிறகு முயற்சியைத் தொடர்ந்தார். 1982இல் தில்லி விலங்குக் காட்சிசாலையில் கிடைத்த புள்ளிப் பூனை ஒன்றும் இவ்வினத்தின் முன்னோராயிற்று. அது நம் நாட்டு வீட்டுப் பூனைதான்!

முதல் தலைமுறைக் குட்டியில் காட்டுப் பங்கு பாதி. அதை வீட்டுப் பூனையுடன் இணைத்தால் கால்; அடுத்து அரைக்கால்; நான்காம் தலைமுறையில் பதினாறில் ஒன்று. முதல் தலைமுறைப் பூனைகள் மனிதரைக் கண்டால் மிரளும். வீட்டுக்கு ஏற்றவை அல்ல. நான்காம் தலைமுறை முதல் வீட்டுப் பூனையாகக் கருதுவது வழக்கம். ஆனால் அணுக்களைப் போலத் தானாகக் குறைவது மட்டும் இங்கே நடப்பதில்லை. சாதுவான குட்டிகளைத் தேர்ந்தெடுத்தே இனம் பெருக்குகிறார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி, இன்றைய வங்காளப் பூனைகளில் காட்டுப் பங்கு சராசரியாக நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. புள்ளி அழகிலும் பெரும்பகுதி வீட்டுப் பூனைகளின் மரபணுக்களாலேயே வருகிறது. எனவே புள்ளியைப் பார்த்துக் குணத்தை எடை போடாதீர்கள்.

ஆனால் இது சோம்பிக் கிடக்கும் பூனையன்று. ஓடும், உயரத்தில் ஏறும், தண்ணீரில் விளையாடும். ஏறுவதற்கு உயரமான பலகைகளும், நாள்தோறும் விளையாட ஆளும் வேண்டும். சலித்துப் போனால் வீட்டுப் பொருள்கள் சேதமாகும். தயிர்ச்சோறு மட்டும் போதாது. 'டாரின்' என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்காது. இறைச்சி, மீன் வழியாகத்தான் பெற வேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் மாவட்டத்து வயலோரங்களிலோ காட்டோரங்களிலோ பூனைக்குட்டியைப் போன்ற ஒன்றைக் கண்டால், வங்காளப் பூனை என்று எண்ணித் தூக்கி வராதீர்கள். அது காட்டுப்பூனையின் குட்டியாக இருக்கலாம். தாய் இரை தேடிச் சென்றிருக்கும். காட்டுப்பூனைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டிக்குக் காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாணவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "அது கடிக்குமா என்பது இருக்கட்டும். அதனுடன் விளையாட தினமும் ஒரு மணி நேரம் உன்னிடம் இருக்கிறதா?"

நீங்களும் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.