எல்.இ.டி. விளக்கை மங்கலாக்குவது எப்படி?



கேரள மின்வாரியம் 2021-இல் 'பிலமென்ட் இல்லாத கேரளம்' திட்டத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்புகளை வழங்கத் தொடங்கியது. இன்று பாலக்காட்டிலும் இடுக்கி மலையோரத்திலும் நம்மவர் வீடுகளில் குண்டு பல்பைக் காண்பது அரிது. மின்செலவு குறைந்தது நல்லதே. ஆனால் பழைய ரெகுலேட்டரைத் திருகி வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி போய்விட்டது.

சென்ற ஆண்டு மறையூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். கண்புரை அறுவைக்குப் பின் என் மனைவிக்கு இரவில் மங்கலான விளக்கு தேவைப்பட்டது. நானும் யோசியாமல் பழைய ரெகுலேட்டரை எல்.இ.டி. பல்புக்குப் போட்டுவிட்டேன். விளக்கு துடித்தது, பிறகு அணைந்தே போயிற்று. இருட்டில் அவள் கதவுநிலையில் மோதிக்கொண்டாள். ரயில் பெட்டி விளக்குகளோடு முப்பது ஆண்டு காலம் தள்ளிய எனக்கு வெட்கமாகிவிட்டது.

காரணம் இதுதான். குண்டு பல்பு என்பது சூடேறிய கம்பி. மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3 வோல்ட்டில் எரியும். அழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் மிக அதிகமாகப் பாயும். அதைக் கட்டுக்குள் வைப்பதே 'டிரைவர்' சுற்று. ரெகுலேட்டர் மின் அலையை வெட்டும்போது, சாதாரண டிரைவர் அதை ஈடுகட்டப் பார்க்கிறது. முடியாதபோது விளக்கு துடிக்கிறது.

மலையில் மின்தடை என்றால் 12 வோல்ட் பேட்டரிதான் கைகொடுக்கும். 350 மில்லி ஆம்பியரில் எரியும் ஓர் எல்.இ.டி.க்கு 1 வாட் போதும். ரெசிஸ்டர் வழியாக எரித்தால் பேட்டரியிலிருந்து 4.2 வாட் போகும். முக்கால் பங்கு சூடாக வீணாகும். சுவிட்சிங் டிரைவரில் டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. காயில் ஆற்றலைச் சேர்த்துச் சீராகத் தருகிறது. 90 சதவீதத் திறன் கிடைத்தால் 1.2 வாட்டில் வேலை முடியும். அதே பேட்டரி மூன்று மடங்குக்கு மேல் நேரம் தாங்கும்.

வெளிச்சத்தைக் குறைக்க மின்னோட்டத்தையே விட்டுவிட்டுச் செலுத்தலாம். விநாடிக்கு ஆயிரம் முறை எரித்து அணைத்து, ஒவ்வொரு முறையும் கால் பங்கு நேரமே எரியவிட்டால் வெளிச்சமும் கால் பங்காகும். கண்ணுக்குத் துடிப்பு தெரியாது, நிறமும் மாறாது, மின்செலவும் குறையும். இவ்வகையில் நான் செய்த சிறு விளக்குதான் இப்போது அவள் கட்டிலருகே எரிகிறது.

வீட்டு 230 வோல்ட் இணைப்பில் இப்படிச் சோதனை செய்ய வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பெட்டியில் 'டிம்மபிள்' என்று அச்சிட்ட பல்பையும், எல்.இ.டி.க்கு ஏற்ற டிம்மரையும் வாங்கி, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டில் இரவு விளக்கு ஆடம்பரமன்று, பாதுகாப்பு.