டீசல் மெக்கானிக் பயிற்சி: தொழிற்பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் வாகனப் பழுதுநீக்கம் கற்க விரும்புவோர் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) சேரலாம். 10ஆம் வகுப்புத் தேர்ச்சி தேவை. டீசல் மெக்கானிக் பிரிவு 1 ஆண்டு. அது டீசல் எஞ்சினையே மையமாகக் கொண்டது. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டுகள். கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங், மின்சுற்று ஆகியவையும் அதில் அடங்கும்.

அங்கீகாரம்

தேசிய தொழிற்சான்றிதழுக்கான இணைப்பு ஒரு நிலையத்துக்கு மொத்தமாக அன்றி, தொழிற்பிரிவு வாரியாக வழங்கப்படுகிறது. ஒரே வளாகத்தில் ஃபிட்டர் பிரிவுக்கு இணைப்பு இருந்து, டீசல் மெக்கானிக் பிரிவுக்கு இல்லாமலும் போகலாம். இணைப்புள்ள பிரிவில் படித்து அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறியவருக்கே தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ரயில்வே போன்ற பொதுத்துறை வேலைகளுக்கு இச்சான்றிதழ் கேட்கப்படுகிறது. எனவே வாசலில் உள்ள பெயர்ப்பலகையை மட்டும் நம்பக் கூடாது. சேரவிருக்கும் பிரிவின் இணைப்பு ஆணையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

பணிமனை

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.-6 தரத்திலான புதிய வாகனங்களே விற்கப்படுகின்றன. இவற்றின் டீசல் எஞ்சின்களில் எரிபொருள் செலுத்துவதை சென்சார்களும் கட்டுப்பாட்டுக் கணினியும் நிர்வகிக்கின்றன. பழுதைக் கண்டறிய ஸ்கேனர் கருவி வேண்டும். பணிமனையில் இத்தகைய எஞ்சினும் ஸ்கேனரும் உள்ளனவா, மாணவர்களே எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார்களா என்று நேரில் பார்ப்பது நல்லது.

பயிற்சிக்குப் பின்

1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பழகுநர் பயிற்சி பெறலாம். முந்தைய மாணவர்கள் எங்கே பழகுநராகச் சேர்ந்தார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும்.