பிப்ரவரி 4: ஒரே தாளில் எத்தனை பேர்!

ஒக்கூர்ப் பக்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். நல்ல நேரம், இராகு காலம், திதி, நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கும். காலையில் கடைக்காரர் நேற்றையத் தாளைக் கிழித்துக் கசக்கிப் போடுவார். பிப்ரவரி 4ஆம் நாள் தாளைக் கிழிக்குமுன் சற்று நின்று, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் நம் மறைமாவட்டத்து ஓரியூர். 1693ஆம் ஆண்டு இதே நாளில்தான் புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டு மறைச்சாட்சியாக இறந்தார். 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்து, 1673இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தவர் அவர். 1686இல் பிடிபட்டபோது காளையார்கோவில், பாகனேரி என்று நமக்கு நன்கு தெரிந்த ஊர்களில்தான் அவர் அடி உதை பட்டார். அம்முறை சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1690இல் திரும்பி வந்தார். தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்ததும், விலக்கப்பட்டவர்களுள் மன்னரின் உறவுப் பெண் ஒருவரும் இருந்ததால் அரண்மனையில் கோபம் மூண்டது. 1693 ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார். ஒரு மாதம் நிறையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

திருச்சபை புனிதர்களைப் பெரும்பாலும் இறந்த நாளில்தான் கொண்டாடுகிறது. பழங்காலக் கிறிஸ்தவர்கள் அந்த நாளையே மறைச்சாட்சியின் 'பிறந்த நாள்' என்றார்கள். சொல்வது எளிது. பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அருளானந்தரின் தாய் அப்போது உயிரோடிருந்தார். செய்தி லிஸ்பனை எட்டியபோது மன்னர் பேதுரு நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்ய, அந்தத் தாய் துக்க உடையில் வராமல் விழாக்கோல உடையில் வந்தார் என்று வரலாறு கூறுகிறது. நம் ஒக்கூரின் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாடலும் (279) நினைவுக்கு வருகிறது. தமையனையும் கணவனையும் போரில் பறிகொடுத்த ஒரு பெண், எஞ்சியிருந்த ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்புகிறாள். அவனோ ஆயுதம் ஏந்திப் போனவன். அருளானந்தர் வெறுங்கையோடு நின்றவர். இருவரையும் ஒன்றாக்க நாம் முயலவில்லை. விழா உடையைக் கழற்றி வைத்த பிறகு அன்றிரவு அந்த லிஸ்பன் தாய் அழாமலா இருந்திருப்பார் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறோம்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. வெறும் புதன் அல்ல, திருநீற்றுப் புதன். 1693இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22 அன்று வந்தது. அதைவிட முந்தி அது வரவே முடியாது. எனவே திருநீற்றுப் புதனும் பிப்ரவரி 4க்கு முன் வர வழியில்லை. 1818இல் ஒருமுறை அப்படி வந்தது. இனி வரப்போவது 2285இல். நம்மில் எவரும் அதைப் பார்க்கப் போவதில்லை!

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே புதன்கிழமை சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்கு பிப்ரவரி 4 அல்ல, ஜனவரி 25. திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் 1582இல் திருத்திய நாட்காட்டியை போர்த்துக்கீசியர் உடனே ஏற்றனர். ஆங்கிலேயர் 1752 வரை ஏற்கவில்லை. அவர்களுக்கு மார்ச் 25 அன்றுதான் புத்தாண்டு என்பதால், அவர்கள் கணக்கில் ஆண்டும்கூட 1692தான்! ஓரியூர் மக்களுக்கோ அது தை மாதத்தின் பிற்பகுதி. இதனால்தான், 'ஒரே தேதியில் இத்தனை நடந்திருக்கிறதே, இந்த எண்ணுக்கு ஏதோ சக்தி இருக்கிறது' என்பவர்களிடம் நமக்கு உடன்பாடில்லை. தேதி என்பது மனிதர் போட்ட கோடு. நினைப்பதற்கு அது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அந்தச் சாக்கில் வேறு சிலரையும் பார்க்கலாம். 1922 பிப்ரவரி 4 அன்று உத்தரப் பிரதேசத்துச் சௌரி சௌராவில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டால் வெகுண்ட கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டனர். நாடே கொதித்துக்கொண்டிருந்த வேளையில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தி, ஐந்து நாள் உண்ணா நோன்பு இருந்தார். அவருடைய தோழர்களே கோபித்துக்கொண்டார்கள். அந்தக் காந்தியிடம் வந்து தங்கிக் கற்றுக்கொள்ள விரும்பியவர் ஜெர்மனியின் லூத்தரன் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர். 1934இல் காந்தி அவருக்கு அழைப்புக் கடிதமும் எழுதினார். ஆனால் இட்லரை எதிர்த்த திருச்சபையினரின் குருமாணவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்ததால் அவர் இந்தியா வரவில்லை. அவர் பிறந்தது 1906 பிப்ரவரி 4. தம் 39ஆம் பிறந்த நாளன்று பெர்லினில் இட்லரின் இரகசியக் காவல்துறையின் சிறையில் இருந்தார். அதே நாளில்தான் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பற்றிப் பேச யால்டாவில் கூடினர். போர் முடியப்போகிறது என்று உலகமே அறிந்திருந்தது. ஆயினும் ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் பிறந்ததும் (1913), அறிவியலாளர் சத்தியேந்திரநாத் போஸ் இறந்ததும் (1974) இதே தேதியில்தான். 2000ஆம் ஆண்டு முதல் இது உலகப் புற்றுநோய் நாளுமாகும்.

நம் பகுதிக்கு நெருக்கமான இன்னொன்று இருக்கிறது. 1948 பிப்ரவரி 4, அதுவும் ஒரு புதன்கிழமை, இலங்கை சுதந்திரம் பெற்றது. செட்டிநாட்டார் வட்டித்தொழில் செய்த நாடு அது. இராமநாதபுரம் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் ஏழைகள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நாடும் அதுதான். கொடியேறிய அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தொழிலாளரில் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளி வைத்தார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள் என்று நாம் சொன்னால் மிகையாகாது. அங்கேயே தங்கியவர்களில் மீதமிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

அப்படிக் கப்பலேறி வந்த ஒரு மூதாட்டி ஒருமுறை நம்மிடம் வந்தார். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தில் பிறந்த தேதி ஜூன் 1 என்றிருந்தது. நம் ஊர்களில் பாதிப்பேர் ஜூன் 1இல் பிறந்தவர்கள்தாமே. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி! "அது பொய் தேதி சாமி" என்றார் அந்த அம்மா. "சிலோனுக்குச் சுதந்திரம்னு தோட்டத்துல மிட்டாய் குடுத்தாங்களாம், அன்னிக்குத்தான் நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்." அந்த நாடுதான் அவரை வேண்டாம் என்றது. கையில் காகிதம் ஏதுமில்லை. தோட்டத்துக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் தேடச் சொல்லி இங்கிருந்து கடிதம் எழுதினோம். பதில் வருமுன் பிப்ரவரி வந்துவிட்டது. 4ஆம் தேதி காலைத் திருப்பலிக் கருத்துகளில் புனித அருளானந்தருக்கு நன்றியாக ஒன்று இருந்தது. அதன் கீழே அந்த அம்மாவின் பெயரை எழுதி, 'பிறந்த நாள்' என்று வாசித்தோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.