அடிக்கடி நோயுறும் குழந்தை: கேட்க வேண்டிய கேள்விகள்

குழந்தை என்றால் சளி, காய்ச்சல் வருவது இயல்பே. பராமரிப்பு நிலையத்திற்குச் செல்லும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏழெட்டு முறை சளி பிடித்தாலும் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஓராண்டில் இருமுறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதுத்தொற்று, வாயில் ஆறாத வெண்படலம், எடை கூடாமை ஆகியவை காணப்பட்டால், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்துள்ளதா என ஆராய வேண்டும். மருத்துவ மாணவியாகக் குழந்தைகள் பிரிவில் நான் கற்றவற்றை இங்குப் பகிர்கிறேன்.

1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோகாக்கஸ் கிருமியால் திரும்பத் திரும்ப நோயுற்ற எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தைச் சோதித்தார். எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் அதில் காணப்படவில்லை. அதை ஊசிவழி செலுத்தியதும் சிறுவன் தேறினான்.

நோய் தொடங்கும் வயதும் ஒரு துப்பாகும். கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் சில மாதங்களே காக்கும். அதனால் புரூட்டன் கண்ட நோய் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குப் பிறகே தலைகாட்டும். டி அணுக்களே உருவாகாத கடும் குறைபாடோ முதல் சில மாதங்களிலேயே உயிருக்கு உலை வைக்கும்.

இதற்கான முதற்சோதனை, எந்தக் கிளினிக்கிலும் செய்யக்கூடிய இரத்த அணு எண்ணிக்கைதான். ஒரு மைக்ரோலிட்டரில் 1,500 லிம்போசைட் அணுக்கள் இருப்பது பெரியவர்களுக்கு இயல்பு. மூன்று மாதக் குழந்தைக்கோ அபாயம். வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிடாவிட்டால் நோய் கண்ணில் படாமல் போய்விடும். ஐயம் எழுந்தால் அணு வகைகளையும் எதிர்ப்பொருள் அளவையும் பார்த்து, இறுதியில் மரபணுச் சோதனையால் உறுதி செய்வர்.

இரத்தத்திற்கு முன்பே பேசுவது குடும்ப வரலாறு. சில வகைகள் எக்ஸ் குரோமோசோம் வழியே தாயிடமிருந்து ஆண்பிள்ளையை அடைகின்றன. எனவே, குழந்தையின் தாய்மாமன் எவரேனும் கைக்குழந்தையாகவே இறந்தாரா என்று கேட்கிறோம். வேறு சில வகைகள் தோன்ற, பழுதுற்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி உண்டு. மற்றக் குழந்தைகளைக் காக்கும் அதுவே, கடும் குறைபாடுள்ள குழந்தையின் உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே, குடும்பத்தில் இத்தகைய இறப்பு நேர்ந்திருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தைகளின் குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளியிலேயே கடும் குறைபாட்டைத் தேடும் முறை 2008-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடங்கியது. சிங்கப்பூரின் பரிசோதனைத் திட்டத்தில் 2019-இல் சேர்ந்தது. மூன்றரை மாதத்திற்குள் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைத்துள்ளதாக அமெரிக்க ஆய்வு கூறுகிறது.

‘மாந்தத்தில் போயிற்று’, ‘கண்பட்டுப் போயிற்று’ என்று நம் வீடுகளில் மூடிவைத்த இறப்புகள் உண்டு. தோழர்களே, பாட்டிமார் இருக்கும்போதே அவற்றைக் கேட்டுக் குறித்து வையுங்கள். நாளை உங்கள் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு அக்குறிப்பு உதவக்கூடும்.