நூலகத்தில் விளையாட்டு வழிக் கல்வி

திருவனந்தபுரத்தின் வடபகுதியில் உள்ள கழக்கூட்டம், 1990-இல் தொடங்கப்பட்ட ‘டெக்னோபார்க்’ எனும் தொழில்நுட்பப் பூங்காவால் நாடெங்கும் அறியப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அமைந்த முதற்பூங்கா இதுவே. இங்கே ஆயிரக்கணக்கானோர் மென்பொருள் உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர். மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. கணிப்பொறி உள்ள வீட்டுக் குழந்தையும், பெற்றோரின் கைப்பேசியைச் சிறிது நேரம் மட்டுமே தொடக்கூடிய குழந்தையும் ஒரே வட்டாரத்தில் வளர்கின்றனர். இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் குறைக்கக் கட்டணமின்றி எவரும் நுழையக்கூடிய பொது நூலகம் உதவ இயலும். கல்வி சார்ந்த வீடியோ விளையாட்டுகளை நூலகப் பணிகளுள் ஒன்றாக்குவது அதற்கான வழிகளுள் ஒன்று.

வலுவான அடித்தளம்

கேரளத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. 1945-இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களை ஒருங்கிணைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்த கேரள கிரந்தசாலா சங்கம், எழுத்தறிவுப் பணிக்காக 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா பரிசைப் பெற்றது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாநில நூலக மன்றம் ஏற்பட்டது. கட்டட வரியில் ரூபாய்க்கு 5 காசு நூலக வரியாகப் பெறப்படுகிறது. பல ஊர் நூலகங்களில் சிறுவர்களுக்கெனப் ‘பாலவேதி’ என்னும் அமைப்பு இயங்குகிறது. புதிய திட்டத்திற்குத் தனி அமைப்பு தேவையில்லை, பாலவேதியே போதுமானது.

விளையாட்டு கற்பிக்கும் விதம்

கல்வி விளையாட்டின் சிறப்பு, விடை சரியா தவறா என்பதை அது உடனே தெரிவிப்பதில் உள்ளது. தவறு செய்த குழந்தை பிறர் முன் நாணமுறாமல் மீண்டும் முயலலாம். நிலைகள் படிப்படியாகக் கடினமாவதால், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறுகிறது.

2000-இல் பிரான்சில் தோன்றிய ‘ஜிகாம்ப்ரி’ என்னும் கட்டற்ற மென்பொருளில் எண்ணுதல், கடிகாரம் பார்த்தல், நீர்ச் சுழற்சி, மின்சுற்று முதலிய பயிற்சிகள் விளையாட்டுகளாக உள்ளன. மலையாளத்தில் இதனைப் பயன்படுத்தலாம். ‘டக்ஸ் மேத்’ விளையாட்டில், மேலிருந்து விழும் கணக்குகள் தரையை அடையுமுன் குழந்தை விடையைத் தட்டெழுத வேண்டும். 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’, கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகளே விளையாட்டை உருவாக்க வழிசெய்கிறது. பிறர் செய்ததை விளையாடுபவர், தாமே செய்பவராக மாறுகிறார். இம்மாற்றமே திட்டத்தின் உயர்ந்த பயன்.

பள்ளி இருக்க நூலகம் ஏன்?

கேரளப் பள்ளிகளில் 2001-இல் தகவல் தொழில்நுட்பக் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்க வகுப்புகளுக்குக் ‘களிப்பெட்டி’ என்னும் பாடநூல் 2017-இல் வந்தது. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் செயற்படுகின்றன. எனினும், பள்ளிக் கணிப்பொறிக் கூடம் மாலையிலும் கோடை விடுமுறையிலும் மூடப்படுகிறது. விடுமுறையில் வசதியுள்ள குழந்தை பயிற்சியைத் தொடர்கிறது; மற்றக் குழந்தை மறக்கிறது. இந்த இடைவெளியே நூலகத்தின் களம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுத் தொலைக்காட்சி வழியே வகுப்புகள் நடந்தபோது, வீட்டில் வசதியற்ற மாணவர்கள் நூலகங்களில் கூடிப் பாடங்களைக் கண்டதை இங்கு நினைவுகூரலாம்.

செலவுக் கணக்கு

ஒரு நூலகத்தில் 5 கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கு இருவர் வீதம், 40 நிமிடங்கள் கொண்ட 3 சுற்றுகளில், 2 மணி நேரத்தில் 30 குழந்தைகள் பயன்பெறலாம். சனி, ஞாயிறு இரு நாட்களிலும் நடத்தினால் வாரத்திற்கு 60 இடங்கள். மேற்குறித்த மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எனவே முதலீட்டுச் செலவு கணிப்பொறிகளோடு முடிகிறது. மின்சாரம், பழுதுபார்ப்பு, வழிநடத்துவோரின் மதிப்பூதியம் ஆகியவை தொடர்செலவாகும். வழிநடத்துவோர் இன்றேல் கணிப்பொறி வெறும் பொழுதுபோக்குச் சாதனமாகிவிடும். ஆகவே, கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போதே ஆளுக்கும் ஒதுக்குதல் இன்றியமையாதது.

இந்நிதி புத்தகக் கொள்முதல் தொகையிலிருந்து எடுக்கப்படலாகாது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், வரையறைக்கு உட்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் பொது நூலகங்கள் அமைத்தலும் அப்பணிகளின் பட்டியலில் உள்ளன. பூங்காவில் இத்தகைய நிறுவனங்கள் இருப்பின், அவற்றின் பங்களிப்பையும் பொறியாளர்களின் ஓய்வு நேர உதவியையும் நூலகம் நாடலாம்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

எல்லா விளையாட்டும் கல்வி ஆகாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. கல்வி நோக்குடைய விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் அச்சட்டம் வகைசெய்கிறது. நூலகர் தேர்ந்த விளையாட்டுகள் மட்டுமே, இணைய இணைப்பின்றி, கணிப்பொறியில் இருத்தல் நலம். முன்பதிவு, நேர வரம்பு, பெண் குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு ஆகியவற்றை விதிகளாகவே எழுதி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு விளையாட்டின் அருகிலும் தொடர்புடைய நூல்களை வைத்தல் வேண்டும். நீர்ச் சுழற்சியை விளையாடிய குழந்தைக்கு மழையைப் பற்றிய நூல் கைக்கு எட்ட வேண்டும். வந்த குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியின் அளவாகக் கொள்ளலாகாது. ஓராண்டில் எத்தனை குழந்தைகள் புதிதாக உறுப்பினராயினர், எத்தனை நூல்களை எடுத்துச் சென்றனர் என்பதையும் பதிவேட்டில் குறித்துவரின், திட்டத்தைப் பிற ஊர்களுக்கு விரிவாக்கலாமா என்பதை அக்கணக்கே தெரிவிக்கும்.