நீலகிரிச் சிற்றூரில் குடியேறலாமா?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், "உத்தியோகம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் போய்விட வேண்டும்" என்று ஒரு முறையேனும் சொல்லாத குடும்பம் இருக்குமா என்பது சந்தேகமே. முன்பெல்லாம் அந்த ஊர் காவிரிக்கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ இருந்தது. பூர்விக வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து கைமாறிய பின், பலருடைய ஆசை மலைப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தலைநகரைப் புகை மூடிக்கொள்ளும்போது, ஒரு மலைச்சரிவு, ஓட்டு வீடு, வாசலில் நான்கு தேயிலைச் செடி என்ற கனவு வீட்டுக்கு வீடு எழுந்துவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் எழுந்தது. என் தகப்பனாருக்கு வயது அறுபத்தாறு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் அவரைச் சில ஆண்டுகளாக வாட்டி வருகின்றன. "புகை மாதங்களில் தில்லியில் இருக்காதீர்கள்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவிடம் இருந்தது ஆயுள் முழுவதும் சேர்த்த 20 லட்ச ரூபாய். வேறு சொத்து கிடையாது. இந்நிலையில்தான் நிலத்தரகர் ஒருவர் வண்ணப் படங்களுடன் வந்து சேர்ந்தார். நீலகிரியில் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டம், வீடு கட்டிக்கொள்ளலாம், இலை மாதந்தோறும் வருமானம் தரும் என்றார். பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். வானம் நிர்மலமாக இருந்தது; காற்று அமுதமாக இருந்தது. அப்பா அங்கேயே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் சேர்ந்து எழுத்தரானவன். சட்டமும் தெரியாது, நிலமும் தெரியாது. ஆயினும், வெயில் நாளில் மட்டும் பார்த்த பாதையை நம்பி வண்டி ஓட்டக் கூடாது என்பதை ரயில்வே எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. "அப்பா, ஐப்பசி வரை பொறுங்கள். தில்லியைவிட்டு நீங்கள் ஓடவேண்டிய மாதம் அதுதான். அந்த மாதத்தில் மலை எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வாங்குவோம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் இசைந்தார். அந்த ஐந்து மாதப் பொறுமையினால் நாங்கள் அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போகும் வழி

நாங்கள் தங்கிய இடம் கேத்திப் பள்ளத்தாக்கு. குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பது. புதுதில்லியில் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவுகள் கழிந்து மூன்றாம் நாள் கோயம்புத்தூர். அங்கிருந்து மேட்டுப்பாளையம். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குவதாக மாறியிருப்பதையும், முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டதையும் பெரியவர்கள் பலர் இன்னும் அறியாமல் சாளரத்தில் வந்து என்னிடம் வாதாடுகிறார்கள், ஆகவே நினைவூட்டுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் மலை ரயிலைப் பற்றி ரயில்வேக்காரன் இரண்டு வரி எழுதாமல் இருக்க முடியாது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் போடப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. பெருமைதான். ஆனால் ஐப்பசியில் நாங்கள் போனபோது பாதையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஓடவில்லை. மழைக்காலத்தில் இது அபூர்வமன்று. பேருந்தில்தான் ஏறினோம். சொந்தக் காரில் போகிறவர்கள் 2024 மே 7ஆம் தேதி முதல் இ-பாஸ் பெற்றாக வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை. பேருந்திலும் ரயிலிலும் செல்வோருக்கு அந்தக் கவலை இல்லை.

நிலம் சொன்ன கதை

அடைமழை நான்கு நாட்கள் பெய்தது. ஐந்தாம் நாள் சிறிது வெறித்ததும், குடை பிடித்துக்கொண்டு அந்த அரை ஏக்கரைப் பார்க்கப் போனோம். எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் துணைக்கு வந்தார். அவர் படகர், சிறு தேயிலைத் தோட்டக்காரர். மே மாதத்தில் நாங்கள் புல்தரை என்று நினைத்த இடத்தில் செந்நீர் ஓடை பாய்ந்துகொண்டிருந்தது. வீடு கட்டுவதற்கென்று தரகர் காட்டிய மேடு, சரிவை வெட்டிச் சமன் செய்த புது மண். பெரியவர் எதுவும் சொல்லாமல் எதிர்ச் சரிவைச் சுட்டிக் காட்டினார். அங்கே பச்சைக்கு நடுவே ஒரு பழைய வடு தெரிந்தது.

2009 நவம்பரில் பெய்த மழையை அந்தப் பக்கத்தார் இன்றும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் நிலச்சரிவுகள். நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்தனர். "ஐயா, மலைக்கு மேல் தோல்தான் மண். வேர் பிடித்திருக்கும் வரை நிற்கும். வெட்டினால் நிற்காது. எங்கள் முன்னோர் ஹட்டிகளை ஏன் மேட்டில் வைத்தார்கள், ஓடைக்கரையில் ஏன் வைக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்" என்றார் பெரியவர். ஹட்டி என்பது படகர்களின் ஊர்; வீடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து வரிசையாக நிற்கும். 2024 ஜூலை 30ஆம் தேதி அண்டை மாவட்டமான வயநாட்டில் நேர்ந்த கொடுமையை நாமெல்லாம் பார்த்தோம். அதற்குப் பிறகும் சரிவையும் ஓடையையும் பாராமல் மலைநிலம் வாங்குவது பேதைமையன்றி வேறென்ன?

காகிதங்களையும் பார்த்தோம். உதகையில் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்து, வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் ஒப்பிடச் சொன்னோம். பட்டா இறந்துபோன ஒருவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுகள் நால்வரில் இருவர் மட்டும் விற்க முன்வந்திருந்தனர். நிலம் தோட்ட நிலம். அதில் வீடு கட்ட முன் அனுமதி வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் கட்டுப்படுத்தும். மரம் வெட்டவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. தரகர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்களும் அவ்வளவு ஆவலோடு போயிருக்க மாட்டோம்!

நிலம் வாங்கி, கட்டடமும் எழுப்பியவர்கள் கண்ட கதியையும் அங்கே சொல்லிக் கேட்டோம். மசினகுடிப் பக்கம் சீகூர் பீடபூமியில், யானைகள் போய்வரும் வழியில் பலர் விடுதிகள் கட்டினர். யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2011இல் கூறிய தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14ஆம் தேதி உறுதி செய்தது. கையில் பத்திரம் இருந்தும் அவர்கள் வழக்கு மன்றப் படிகளில் ஏறி இறங்க நேர்ந்தது.

மலைநிலத்துக்கு வேலி போடுவது நம் நாட்டுப் பக்கம் மட்டும் உள்ள வழக்கமன்று. தில்லிக்கு அருகே இருக்கிறதே என்று ஹிமாசலத்தை நாடுவோர், அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, அம்மாநில விவசாயி அல்லாதார் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்கத் தடை விதிப்பதை அறிய வேண்டும். உத்தராகண்டம் 2025இல் சட்டத்தைத் திருத்தி, 13 மாவட்டங்களில் 11இல் வெளியார் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்துவிட்டது. கடல் கடந்து மேற்கு ஜாவாவில், தேயிலை விளையும் சுந்தானியர் மலைநாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் அயல்நாட்டாருக்கு முழு நிலவுரிமை தருவதில்லை. நம் பிள்ளைகளுள் அயல்நாட்டில் இருப்பவர்கள் "அப்பா, என் பெயரில் தோட்டம் வாங்குங்கள்" என்று பணம் அனுப்புவதுண்டு. அன்னியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ விலைக்கு வாங்க இயலாது, வாரிசாகப் பெறலாம். இதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

தேயிலை தரும் வருமானம்

"மாதந்தோறும் இலை வருமானம்" என்ற வாக்குறுதி என்னாயிற்று? பெரியவரே கணக்குச் சொன்னார். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இலையைப் பறித்த அன்றே தொழிற்சாலை சேர்க்க வேண்டும்; அடுத்த நாளுக்கு வைக்க முடியாது. எனவே விலையைப் பேரம் பேசும் வலிமை சிறு விவசாயிக்கு இல்லை. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். சிறு விவசாயிகளுக்காகக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தோன்றின. அவற்றின் இணையமான இன்கோசர்வ் 1965 முதல் இயங்கி வருகிறது. அப்படியிருந்தும், 1998க்குப் பின் பச்சை இலை விலை சரிந்து, மலை முழுவதும் கிளர்ச்சி மூண்டது. நல்ல விலை கேட்டு அவ்வப்போது உண்ணாவிரதம் இருப்பது இன்றும் நின்றபாடில்லை. பரம்பரையாகச் செடியோடு வாழ்பவர்களே தத்தளிக்கும் தொழிலில், தில்லியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன் லாபம் காண்பது எங்ஙனம்?

வாழ்க்கை எப்படி?

நிலத்தை விட்டுவிட்டோம். ஊரை விடவில்லை. மூன்று மாதத்துக்கென்று எடுத்த வாடகை வீட்டிலேயே அப்பாவும் அம்மாவும் தங்கிவிட்டனர். மாதம் 7,000 ரூபாய் வாடகை. பதினொரு மாத ஒப்பந்தம். 20 லட்சத்தையும் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார் அப்பா. (2023 முதல் இதில் 30 லட்சம் வரை இடலாம்.) அவர் போட்டபோது வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 41,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை போக ஏறத்தாழப் பாதிப் பணம் மீதி. அசல் பத்திரமாக இருக்கிறது. அரை ஏக்கர் தேயிலை இவ்வளவு கொடுத்திருக்குமா?

குறைகள் உண்டு. குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஈரத்தில் துணி மூன்று நாளாகியும் உலர்வதில்லை. காற்றடித்தால் மின்சாரம் நின்றுவிடுகிறது. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது பெரும் ஆறுதல். எனினும், நள்ளிரவில் மூச்சிரைத்தால் வண்டி பிடிப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. அம்மாதான் அதிகம் தவித்தாள். பேரக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக் கதை இல்லை. பேச்சுத் துணை இல்லை. படகர்கள் தமக்குள் படக மொழியில் பேசிச் சிரிக்கும்போது, "கரோல்பாகில் இந்தி புரியாமல் நின்ற முதல் வருஷம் நினைவுக்கு வருகிறது" என்று தொலைபேசியில் அழுதாள்.

அவளுக்குத் துணை கிடைத்ததும் விந்தைதான். இலங்கையின் மலைநாட்டிலிருந்து, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தி காய்கறி விற்க வருவாள். அவ்வாறு திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. "நானும் வேற்றூரிலிருந்து வந்தவள்தான் அம்மா. பத்து வருஷம் எந்த ஊர் என் ஊர் என்று தெரியாமல் இருந்தேன். பிறகு இங்கே ஒரு சாவு வீட்டுக்குப் போனேன், அழுதேன், அன்றிலிருந்து இதுதான் ஊர்" என்றாளாம். மார்கழி மாதத்தில் ஹெத்தையம்மன் திருவிழா வந்தது. படகப் பெண்கள் வெள்ளாடை போர்த்திக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அடுத்த வீட்டுப் பெரியவரின் மனைவி அம்மாவையும் கைப்பிடித்து அழைத்துப் போனாள். அன்றிரவு தொலைபேசியில் அம்மா அழவில்லை.

அப்பாவின் இரைப்பு முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தில்லியில் கார்த்திகை மாதத்தில் நான்கு படி ஏறவும் நின்று நின்று போனவர், கேத்தி ரயில் நிலையம் வரை நடந்துபோய் வண்டி வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். புகைக்காலம் முடிந்ததும் இருவரும் தில்லிக்கு வந்தனர்; அடுத்த ஐப்பசிக்குள் மீண்டும் போவதாக ஏற்பாடு.

மலையூரை நினைத்திருக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசியில் போய் இருந்து பாருங்கள். முதலில் வாடகைக்கு ஓராண்டு குடியிருங்கள். ஓடை எங்கே ஓடும், மண் எங்கே சரியும் என்பதைத் தரகரிடம் கேளாமல் அடுத்த வீட்டாரிடம் கேளுங்கள். முதுமைக்கென்று வைத்த பணத்தை மண்ணில் போட்டுவிட்டு, மூச்சுக்கும் மருந்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வேண்டாம். நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஊரைப் பழகித்தான் பெற வேண்டும். பிழைப்பைத் தேடி ஒரு முறை ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய நமக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.