இருவர் ஓரணியாய் ஆடும் பிக்கிள்பால்

விளையாட்டு உடலுக்கு உரம் தரும் என்பதை யாவரும் அறிவர். உடன் ஆடுபவரை மதிக்கக் கற்றுத் தருவதும் அதுவே என்பதை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். அவ்வுண்மையை நன்கு புலப்படுத்தும் ஆட்டங்களுள் ஒன்று பிக்கிள்பால். அதனை இரட்டையர் ஆடும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், 1965ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வாட்டம் பிறந்தது. ஜோயல் பிரிட்சார்டு என்பாரும் அவர்தம் நண்பர் பில் பெல்லும், குடும்பத்தினர் பொழுது போக்குவதற்காகப் பழைய இறகுப்பந்துக் களத்தில் மேசைப்பந்து மட்டைகளையும் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு இதனைத் தொடங்கினர். பார்னி மெக்கல்லம் என்னும் நண்பரும் சேர, மூவரும் விதிகளை வகுத்தனர். 2022ஆம் ஆண்டில் அம்மாநிலம் இதனைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது.

ஆடுகளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம். நடுவில் 34 அங்குலம். வலையின் இருபுறமும் 7 அடி அளவுள்ள பகுதியைக் 'கிச்சன்' என்பர். அதனுள்ளோ அதன் கோட்டின் மீதோ நின்று, தரையில் படாத பந்தை அடித்தல் தவறு. தரையில் பட்டெழுந்த பந்தை அடிக்க உள்ளே செல்லலாம்.

சர்வீஸ் செய்பவர் பின்கோட்டிற்குப் பின்னே நின்று, கையைக் கீழிருந்து மேலாக வீசி, குறுக்கே எதிர்ப்புறமுள்ள கட்டத்தில், கிச்சனைக் கடந்து பந்து விழுமாறு அடிக்க வேண்டும். எதிரணியினர் அதனைத் தரையில் படவிட்டே திருப்ப வேண்டும். திரும்பி வரும் பந்தையும் சர்வீஸ் அணியினர் தரையில் படவிட்டே அடிக்க வேண்டும். அதன் பின்னரே பந்தை அந்தரத்தில் அடிக்கலாம்.

மரபான முறைப்படி, சர்வீஸ் செய்யும் அணியே புள்ளி பெறும். புள்ளி பெறுந்தோறும் அவ்வணியினர் இடம் வலம் மாறி நிற்க, அவரே மீண்டும் சர்வீஸ் செய்வார். அவர் தோற்றால் துணைவருக்கும், துணைவரும் தோற்றால் எதிரணிக்கும் வாய்ப்புச் செல்லும். ஆட்டத் தொடக்கத்தில் மட்டும் முதலணியில் ஒருவருக்கே வாய்ப்புண்டு. ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னும் தம் புள்ளி, எதிரணிப் புள்ளி, தாம் முதலாமவரா இரண்டாமவரா என்னும் மூன்றையும் எண்ணால் உரக்கச் சொல்ல வேண்டும். '4, 3, 1' என்பது போல அது அமையும். 2 புள்ளி வேறுபாட்டுடன் 11 புள்ளியை முதலில் எட்டும் அணி வெல்லும்.

இனி, வெல்லும் வழியைக் கருதுவோம். கிச்சன் கோட்டருகே இருவரும் சேர்ந்து நிற்கும் அணிக்கே வாய்ப்பு மிகுதி. ஆகவே சர்வீசைத் திருப்புபவர் பந்தை ஆழமாக அனுப்பிவிட்டு, முன்னே நிற்கும் துணைவரோடு சேர வேண்டும். சர்வீஸ் அணியினரோ தம் அடுத்த அடியை மென்மையாக எதிரணியின் கிச்சனுள் இறக்கி, அவ்விடைவேளையில் முன்னேற வேண்டும். வலிமையால் ஓங்கி அடிப்பதினும் பொறுமையால் தாழ அடிப்பதே இங்குப் பயன் தரும். தலைக்கு மேல் செல்லும் பந்தைப் பின்னோக்கி நடந்து துரத்துதல் ஆகாது. வீழ்ந்து காயமுற நேரும். உடலைத் திருப்பியே ஓட வேண்டும்.

இருவருக்கும் நடுவே வரும் பந்தே பல அணிகளைக் கவிழ்க்கிறது. இருவரும் விட்டுவிடுவர், அன்றி, இருவரும் பாய்ந்து மட்டையோடு மட்டை மோதுவர். இருவரும் வலக்கையர் எனில், இடப்புறம் நிற்பவர் அதனை எடுப்பது பொதுவழக்கு. எனினும் 'நான்', 'நீங்கள்' என வாய்திறந்து கூறுவதே உறுதியான வழி.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. திறன் மிக்கவர் துணைவரின் பந்துகளையும் தாமே பறித்து அடிப்பதே அது. அப்போது அவர் விட்டு வந்த இடம் வெறுமையாகும். துணைவரின் ஊக்கமும் குன்றும். இலக்கணத்தில் உம்மைத்தொகையை நாம் பயின்றிருக்கிறோம். 'தாய்தந்தை' என்பதில் 'உம்' மறைந்து நின்றாலும் இரு சொற்களும் ஒத்த சிறப்பின. ஒன்று மற்றொன்றை விழுங்கினால் அது தொகையாகாது. இரட்டையர் ஆட்டமும் அத்தகையதே. தவறவிட்ட துணைவரை முகஞ்சுளித்து நோக்காது, 'அடுத்த பந்தைப் பார்ப்போம்' என்று கூறத் தெரிந்தவரே இவ்வாட்டத்தை முழுமையாகக் கற்றவர்.